பழி பிராசசர் மேல், பிழை செட்டப் ஃபைலில்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரு கடைக்காரர், புது பில்லிங் மென்பொருளை நிறுவப் போனால் 'இந்த வகை பிராசசரில் இது இயங்காது' என்று விண்டோஸ் சொல்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கம்ப்யூட்டரை மாற்றிவிடுங்கள் என்று பதில் வந்திருந்தது. மென்பொருளை நிறுவித் தரும் செட்டப் ஃபைலைத் தயாரிப்பதே என் வேலை என்பதால் சொல்கிறேன், அது அவசரப்பட்டுச் சொன்ன பதில். ஒரு சிறிய கடைக்கு வீண் செலவு வைக்கிற பதிலும்கூட.

மென்பொருளை நிறுவும் விண்டோஸ் பகுதியான விண்டோஸ் இன்ஸ்டாலரில் அந்தப் பிழைக்கு எண் 1633. அது திறக்கும் செட்டப் ஃபைல் வகைக்கு எம்எஸ்ஐ என்று பெயர். எம்எஸ்ஐ ஃபைல் ஒவ்வொன்றுக்குள்ளும் அது எந்த வகை இயந்திரத்துக்கானது என்று ஒரு சிறு குறிப்பு உண்டு. பிட் எண்ணிக்கை என்பது பிராசசர் சிப்போ மென்பொருளோ ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவு. இன்டெல் என்று இருந்தால் 32 பிட் (ஏஎம்டி நிறுவனத்தின் சிப் இருந்தாலும் நிறுவிக்கொள்ளும்), எக்ஸ்64 என்று இருந்தால் 64 பிட், ஆர்ம்64 என்றால் ஆர்ம் என்ற வேறு வகை சிப். எக்ஸ்64 என்று குறித்த ஃபைலை 32 பிட் விண்டோஸில் திறந்தால் மேலே சொன்ன செய்திதான் வரும், உள்ளே இருக்கும் சிப் 64 பிட்டாகவே இருந்தாலும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் பாருங்கள். 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர் என்று இருந்தால் கம்ப்யூட்டரில் எந்தக் குறையும் இல்லை, யாரோ 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 10 உரிமம் அதே எடிஷனின் இரண்டு வகைக்கும் செல்லும், டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு 64 பிட்டைப் புதிதாக நிறுவினால் போதும். இல்லையென்றால் மென்பொருள் தந்தவரிடம் 32 பிட் செட்டப் இருக்கிறதா என்று கேட்கலாம்.

ஆனால் எனக்கு அதிக வருத்தம் தருவது இந்தப் பிழை இல்லை, எந்தப் பிழையும் காட்டாமல் நிறுவி முடித்துவிட்டு அப்புறம் கழுத்தறுக்கிறவை. மென்பொருள் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோவின் செட்டப் புராஜெக்ட்டில் டார்கெட் பிளாட்ஃபார்ம் என்ற அமைப்பு, நாம் தொடாவிட்டால் எக்ஸ்86-இலேயே, அதாவது 32 பிட்டிலேயே நிற்கும். மென்பொருளை எனி சிபியு (எந்த வகை பிராசசரிலும் ஓடலாம்) என்று பில்ட் செய்து, 32 பிட்டாகவே ஓடச் சொல்லும் 'பிரிஃபர் 32 பிட்' டிக்கையும் எடுத்துவிட்டு, செட்டப்பை மட்டும் அப்படியே விட்டால், 64 பிட் விண்டோஸில் நிறுவும் வேலை 32 பிட்டாகவும், ஓடும் வேலை 64 பிட்டாகவும் நடக்கிறது. செட்டப் எழுதிய லைசன்ஸ் விவரம், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், 32 பிட் மென்பொருள்களுக்கான வாவ்6432நோட் என்ற கிளைக்குள் போய் உட்கார்ந்துவிடும், மென்பொருளோ அதை 64 பிட்டுக்கான கிளையில் தேடி, லைசன்ஸ் இல்லை என்று சொல்லும். காசு கொடுத்து வாங்கியவர் என்ன செய்வார்? கஸ்டமர் கேரில் திரும்ப நிறுவச் சொல்கிறார்கள், அவரும் நிறுவுகிறார், மறுபடியும் அதே கதை.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் ஆக்சஸ் டேட்டாபேஸில் தகவலைச் சேமிக்கும் பழைய கணக்கு மென்பொருள்களில் இன்னொரு தொல்லை. கடையில் 32 பிட் ஆபீஸ் இருக்கும், மென்பொருள் 64 பிட்டாக ஓடும், 64 பிட் புரோகிராமுக்குள், ஆபீஸோடு வந்த 32 பிட் டிரைவர் (டேட்டாபேஸைப் படிக்க உதவும் துணை மென்பொருள்) நுழைய முடியாது. 'புரொவைடர் பதிவு செய்யப்படவில்லை' என்று வரும். டிரைவர் கண்ணெதிரே இருக்கும்போது இல்லை என்றால் யாருக்குத்தான் புரியும்? டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போய், பிளாட்ஃபார்ம் என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் எது எத்தனை பிட்டில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

செட்டப் தயாரிக்கும் நண்பர்களுக்கும் ஒன்று. டார்கெட் பிளாட்ஃபார்மை எக்ஸ்64 என்று மாற்றினால் மட்டும் போதாது, நிறுவும் இடத்தையும் 32 பிட்டுக்கான புரோகிராம்ஃபைல்ஸ்ஃபோல்டரிலிருந்து 64 பிட்டுக்கான புரோகிராம்ஃபைல்ஸ்64ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். செட்டப் தயாரிக்கும் கருவியான விக்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் தவறினால் ஐஸ்80 என்ற சோதனையின் பெயரில் அதுவே எச்சரிக்கும், அதைத் தயவுசெய்து அடக்கிவைக்காதீர்கள், அது சொல்வது சரிதான். ஒரே எம்எஸ்ஐ-யில் இரண்டையும் சமாளிக்க நினைப்பதும் வேண்டாம், 32 பிட் எம்எஸ்ஐ-க்குள் 64 பிட் காம்பொனன்ட் (நிறுவப்படும் பகுதி) வைக்க முடியாது, இரண்டு ஃபைல்களாகத்தான் தர வேண்டும்.

இப்போது ஆர்ம் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்களும் கடைகளுக்கு வந்துவிட்டன. விண்டோஸ் 11 அவற்றில் எக்ஸ்64 மென்பொருளை எமுலேஷனில் (வேறு வகை சிப் போலப் பாவித்து) ஓட்டிவிடும், ஆனால் பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் அப்படி ஓடாது, ஆர்ம்64-க்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். பில் பிரிண்டரோ டாங்கிளோ (லைசன்ஸுக்காகச் செருகும் சிறு கருவி) தனி டிரைவர் கேட்டால், லேப்டாப்பை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பெட்டியிலும் இணையதளத்திலும் 'விண்டோஸில் இயங்கும்' என்று மட்டும் போடாமல் 32 பிட்டா, 64 பிட்டா, ஆர்மா என்று நிறுவனங்கள் தெளிவாக அச்சிட வேண்டும். உங்களிடம் நான் கேட்பது, அந்தக் கடைக்காரருக்கு அடுத்த வாரமே திருத்திய பதிலை வெளியிடுங்கள், அதற்குள் அவர் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்பணம் கட்டிவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி