லத்தியை வெளியே வைத்துவிட்டு வந்தவர்களுக்கு நன்றி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பள்ளி ஆலோசகர்களுக்கும் குழந்தை நலக் காவல் அலுவலர்களுக்கும் நடந்த வளரிளம் பருவ மனநலப் பயிற்சிக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

முதல் நன்றி, மாணவர்களாக நடித்துக் காட்டிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு. மாணவியாக நடித்த ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரே இருந்த காவலரின் வாக்கி டாக்கி கரகரத்தது. சட்டென்று வாயை மூடித் தரையைப் பார்த்தார் அந்தப் பெண். நாங்கள் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்பால் முடியாததை அந்த ஒரு நொடி செய்தது. அடுத்த சுற்றில் யாரும் சொல்லாமலே வாக்கி டாக்கியும் லத்தியும் வெளியே போயின. நேருக்கு நேர் கிடந்த நாற்காலிகள் சற்றுச் சாய்ந்து நின்றன. கதவுப் பக்கத்து இடம் பிள்ளைக்கு.

காவலர்கள் சாதாரண உடையில் வந்தார்கள். பிள்ளைகளிடம் பேசும்போது சீருடை கூடாது என்பது விதி. விதியை அறிந்திருப்பது ஒன்று, மாற்றுச் சட்டை எடுத்துவந்து மாற்றிக்கொள்வது வேறொன்று. அதற்காகத் தனி நன்றி.

"செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று வாய்விட்டுக் கேட்க எல்லோரையும் பழக்கிய மனநல மருத்துவருக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். முதலில் பாதிப் பேருக்குக் குரலே எழவில்லை. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம். அப்படி வராது, ஒருவராவது கேட்டார்களே என்று பிள்ளைக்குப் பாரம்தான் குறையும். "ஆமா" என்று பதில் வந்தால், எத்தனை நாளாக, எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்க வேண்டும். ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரைகளும் பூட்டுக்குள் போக வேண்டும். எதையாவது விழுங்கியிருந்தால், பிள்ளை தெளிவாகப் பேசினாலும் உடனே 108.

நல்லெண்ணத்தோடு செய்து கெடுப்பவை இரண்டு: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கு, "அம்மா அப்பாவ நெனச்சுப் பாத்தியா" என்ற கேள்வி. முதலாவதை மீறத்தான் வேண்டியிருக்கும், அத்தோடு நம்பிக்கை போய்விடும். இரண்டாவது, ஏற்கெனவே குற்ற உணர்வில் நொந்திருக்கும் பிள்ளையை இன்னும் அழுத்தும். "கேஸ் ஆயிடும்" என்ற மிரட்டலும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம்.

இடம் தந்தவர்களுக்கும், வெயிலில் மோர் கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி. திருப்பாதிரிப்புலியூர் அச்சக நண்பர் மனநல உதவிக்கான 14416, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய இரண்டு எண்களையும் பஸ் பாஸுக்குப் பின்னால் செருகும் அளவில் அட்டையாக அச்சடித்துக் கொடுத்தார். பள்ளிகள் கேட்டால் இன்னும் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பயிற்சிக் குழுவினர், கடலூர்