அட்டையில் டிக் மட்டும் போதாது

ஐயா,

போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சிலர், கர்ப்பத்தை அங்கே பதிவு செய்துவிட்டு, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறார்கள். ஆள் வந்துவிடுகிறார், ஆனால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவக்கூடிய சிபிலிஸ் (பால்வினை நோய்), ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று) பரிசோதனைகளின் முடிவு அவரோடு வருவதில்லை. கர்ப்பப் பதிவு அட்டையில் 'ரத்தப் பரிசோதனை' என்ற இடத்தில் ஒரு டிக் இருக்கும். அதை வைத்து என்ன செய்வது?

சிபிலிஸ் என்றால் பென்சதைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி எத்தனை முறை, எந்தெந்தத் தேதியில் போட்டார்கள் என்பது வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளாவது முன்பே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். தேதி தெரியாவிட்டால் பச்சைக்குழந்தைக்குத் தேவையற்ற ஊசி, அல்லது தேவையான ஊசி விட்டுப்போகும். ஹெபடைடிஸ் பி-யில் அவகாசமே இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள். தாய்க்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத ஊசி) கூடவே, முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். ஞாயிறு இரவு வலி எடுத்து வருபவரின் பழைய முடிவை யாரிடம் கேட்பது?

முடிவு, தேதி, மருந்தளவு மூன்றையும் அட்டையிலேயே எழுதலாம். எச்ஐவி மட்டும் விலக்கு. மாமியார் கையிலும் புரளும் அட்டை அது. அந்தத் தகவல் இரு மாநில எச்ஐவி ஆலோசனை மையங்களுக்கிடையே நேரடியாகப் போகட்டும். தாய்க்கு எச்ஐவி இருந்தால் குழந்தையை 6 வாரத்திலிருந்து 18 மாதம் வரை பரிசோதிக்க வேண்டும். அதற்குள் குடும்பம் மறுபடி மலையேறிவிடும்.

விவரமின்றி வருபவருக்குப் பிரசவ அறையிலேயே துரிதப் பரிசோதனை செய்ய, எல்லையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் கிட் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

– சுகாதாரப் பணியாளர்கள் சிலர், கம்பம்