ஞாயிறு கெப்போங் புகைப்படப் பயணம்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு காலை 7.30 மணிக்கு, கோலாலம்பூரை ஒட்டியுள்ள கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் (ஃப்ரிம்) நுழைவாயிலில் கூடுவோம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்த நிலையத்தின் வனப் பூங்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளீயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களில் கன்று கன்றாக நட்டு வளர்த்த காடு இது! இப்போது பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

நாம் முக்கியமாகப் பார்க்கப்போவது கப்பூர் மரங்களை. நம் கோயில் தீர்த்தத்தில் போடும் பச்சைக் கற்பூரத்தை அந்தக் காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் எடுத்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் தலை இன்னொன்றைத் தொடாது; நடுவே வானம் ஆற்றுக் கோடுகள் மாதிரி தெரியும்.

படம் எடுக்க அகலக் கோண லென்ஸ் போதும், கைப்பேசியும் போதும். தரையில் படுத்து எடுப்பதுதான் வசதி, அதனால் பழைய பாய் ஒன்று கொண்டுவாருங்கள். வானம் வெளுத்துப்போனால் வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறையுங்கள். மழை மூட்டம் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

அப்புறம், கொசு மருந்து அவசியம். பசியாறிவிட்டு வாருங்கள். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள். கார் பகிர்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.