ஆறு மா புல்லும் அதற்கொரு வண்டியும்

பிட்ஸ்பரோ, வட கரோலினா
ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நாங்கள் நால்வரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிக்குப் போட்ட ஊசி கேட்டதா என்று அடுத்த முறை அம்மா சொல்லட்டும். உங்களைக் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே, "மாடு தின்னாத புல்லுக்கு நாலு லட்சமா?" என்று கேட்டீர்கள். அப்புறம் லைன் சரியில்லை, பாதி உங்களுக்குக் கேட்கவும் இல்லை. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன். செப்டம்பரில் நீங்கள் இங்கே வந்ததும் அந்த வண்டியில் ஏறி உட்காரப் போகிறீர்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். எதை வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம் என்பதெல்லாம் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். மோரிஸ்வில்லில் இருந்தவரை வாசலில் பாய் விரிக்கிற அளவுக்குத்தான் புல், அதையும் குடியிருப்புச் சங்கத்து ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போவார்கள். இங்கே இரண்டு ஏக்கர், நம்ம கணக்கில் ஆறு மா. வீடு, கார் வரும் பாதை, ஓக் மரங்கள் போக ஐந்து மாவுக்குக் கொஞ்சம் குறைய புல்தான். களி கலந்த செம்மண், மழை பெய்தால் வழுக்கும். வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கி ஒரு சின்னக் குளத்தில் முடிகிறது. அந்தச் சரிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், எல்லாக் கணக்கையும் மாற்றியது அதுதான்.

இங்கே வீட்டைச் சுற்றி இருப்பது ஃபெஸ்க்யூ என்ற புல். அது குளிர் தாங்கும், வெயில் தாங்காது. ஜூலையில் சோர்ந்து நின்றுவிடும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் கண்ணெதிரே வளர்கிறது. மூன்று நான்கு அங்குல உயரத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வேர் தளர்ந்துவிடும் என்கிறார்கள். ஆக இந்த இரண்டு மாதமும் வாரம் ஒரு முறை வெட்டியே தீர வேண்டும். முழங்கால் உயரத்துக்கு விட்டால் உண்ணி ஏறும். காப்பர்ஹெட் என்று விரியன் இனத்துப் பாம்பு ஒன்றும் இந்தப் பக்கம் உண்டு. பேரனும் பேத்தியும் நாள் முழுக்க வெளியேதான் ஓடுகிறார்கள். மாட்டுக்காக இல்லை அப்பா, இவர்களுக்காகத்தான் இந்தப் புல்லை வெட்டுவது. ஆள் வைத்து வெட்டினால் ஒரு தடவைக்கு நூறு டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு வண்டியே வந்துவிடும்.

வண்டிக்குப் பெயர் ஜீரோ டர்ன். உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம்ம ஊர் வயலில் அறுக்க வருகிற பெல்ட் வண்டி நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இல்லையா, அந்த வித்தைதான் இதுவும். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு தொடைக்கும் மேலாக இரண்டு கைப்பிடிகள். இடது பிடி இடது பின்சக்கரத்துக்கு, வலது பிடி வலது பின்சக்கரத்துக்கு. இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் முன்னே போகும், இழுத்தால் பின்னே வரும். ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் அதே இடத்தில் சுற்றும். கிளட்ச் இல்லை, கியர் மாற்றுவதும் இல்லை. எஞ்சின் பெல்ட் மூலம் இரண்டு பம்புகளை ஓட்டுகிறது. பம்ப் தள்ளும் எண்ணெயின் அழுத்தம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

இதன் பூர்வீகமும் உங்களுக்குப் பிடிக்கும். கேன்சஸ் மாநிலத்தில் ஹெஸ்டன் என்று ஒரு சிற்றூர், கோதுமை விளையும் பூமி. கதிரையும் தீவனப் புல்லையும் அரிந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும் இயந்திரங்களைச் செய்த கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. அதில் வேலை பார்த்த ஜான் ரீகியர் என்பவர் 1960களின் தொடக்கத்தில், அந்த இயந்திரம் வரப்போரம் சட்டென்று திரும்புவதைப் பார்த்து, புல் வெட்டவும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று செய்து பார்த்தார். ஹஸ்ட்லர் என்ற பெயரில் வந்த வண்டி அதுதான். இன்றைக்கும் அதே ஊரில் செய்கிறார்கள்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். பெரிய கடைகளில் மூவாயிரம் டாலரையொட்டி ஆரம்பிக்கிறது. புல்வெளி வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் ஓட்டும் வண்டி பத்தாயிரத்தைத் தாண்டும். ஜான் டீர், டோரோ, கப் கேடட், ஏரியன்ஸ், ஹஸ்ட்லர், பேட் பாய் என்று எத்தனையோ பெயர்கள். ஆனால் பெயரைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரே கம்பெனி மூன்று நான்கு தரத்தில் செய்கிறது, வெளியே பூசிய நிறம் மட்டும் ஒன்று. குனிந்து அடியில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அடியில் முதலில் பார்க்க வேண்டியது டெக். கத்திகளை மூடியிருக்கும் இரும்புத் தொட்டி அது. மலிவு வண்டிகளில் ஒரே தகட்டை அச்சில் அழுத்தி வளைத்திருப்பார்கள். விலை கூடியவற்றில் தடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் வைத்திருப்பார்கள். தகட்டுக் கணக்கு இங்கேயும் கேஜில்தான், எண் குறையக் குறைய தடிமன் கூடும். 10 கேஜ் என்றால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். ஓக் மர வேர்கள் எங்கள் இடத்தில் அங்கங்கே மேலே தலைகாட்டுகின்றன. மெல்லிய தகடு இதற்குத் தாங்காது.

அதைவிட முக்கியம் அந்த எண்ணெய்ப் பம்ப். பெரும்பாலான கம்பெனிகள் இதை இல்லினாய் மாநிலத்து ஹைட்ரோ கியர் என்ற கம்பெனியிடமிருந்துதான் வாங்கிப் பொருத்துகின்றன. ஆரம்ப விலை வண்டிகளில் வருவது 2200 என்ற எண், எண்ணெய்க்கு வெளியே வடிகட்டி கிடையாது. அடுத்த படி 2800, அதற்கு வடிகட்டி உண்டு, எண்ணெய் மாற்றலாம். சமதளத்தில் சின்னதே போதும். மேடும் பள்ளமுமான இடத்தில் மணிக்கணக்காக ஓட்டினால் எண்ணெய் சூடேறும், இழுவை குறையும். பக்கத்து வீட்டுப் பெரியவரின் வண்டிக்கு அதுதான் நடந்தது. மூன்று வருஷம் நன்றாக ஓடியது, அப்புறம் அரை மணி ஓடினாலே மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி என்று கடையில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பம்ப் எது என்று போடுவதில்லை, நாமேதான் கேட்க வேண்டும்.

அகலத்தில் உங்கள் மாப்பிள்ளைக்கும் எனக்கும் பேச்சு நீண்டது. அவருக்கு 60 அங்குலம் வேண்டும், சீக்கிரம் முடியும் என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. 42 அங்குல டெக் மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் போனால் கணக்குப்படி மணிக்கு இரண்டு ஏக்கர், திரும்புவதற்கும் வெட்டிய தடத்தின் மேலேயே கொஞ்சம் படிந்து போவதற்கும் கழித்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். 48 என்றால் இன்னும் ஒரு பத்து நிமிஷம் மிச்சம். 60 வாங்கினால் கிணற்றுக் கொட்டகைக்கும் வேலிக்கும் நடுவே நுழையாது. அகலமான டெக் மேடான இடத்தில் தட்டி மண்ணைச் சுரண்டவும் செய்யும். டேப்பைப் பிடித்து அளந்து காட்டியதும் அவரும் சரி என்றுவிட்டார். 48தான்.

இனி அந்தச் சரிவு. ஜீரோ டர்ன் வண்டியின் முன்சக்கரங்கள் வெறுமனே உருள்பவை, நம்ம ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் இருக்குமே அந்த மாதிரி. அவை திருப்புவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. திருப்புவது, நிறுத்துவது எல்லாமே பின்சக்கரங்கள்தான். ஈரப் புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் கட்டுப்பாடு மொத்தமும் போய்விடும், வண்டி அது பாட்டுக்குச் சறுக்கிக் கீழே இறங்கும். கீழே தண்ணீர் இருந்தால் யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் இப்படிக் கவிழ்ந்து உயிர் போனவர்கள் உண்டு. நான் புரட்டிய கையேடுகளில் சிலவற்றில் 10 டிகிரி, சிலவற்றில் 15 டிகிரி, அதற்கு மேல் ஓட்டாதே என்றுதான் போட்டிருக்கிறது.

எங்கள் சரிவு எத்தனை டிகிரி என்று யாரிடம் கேட்பது? ஒரு மீட்டர் பலகையை எடுத்துக்கொண்டு போய், மேல் முனையைத் தரையில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்துக் குமிழ் நடுவில் நிற்கும்வரை தூக்கிப் பிடித்தேன். கீழ் முனைக்கும் தரைக்கும் இடைவெளியை மாப்பிள்ளை அளந்தார். 27 சென்டிமீட்டர் வந்தால் 15 டிகிரி. வீட்டுக்குப் பக்கவாட்டில் 12, 14 சென்டிமீட்டர் என்று வந்தது, பயமில்லை. குளத்துப் பக்கம் 31. அங்கே எந்த ஜீரோ டர்னும் இறங்கக் கூடாது. ஸ்டியரிங்கோடு முன்சக்கரமும் திரும்புகிற மாதிரி கப் கேடட் ஒன்று செய்கிறது, சரிவில் அது மேல் என்கிறார்கள். அதற்கும் ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. இரண்டு மூன்று நாள் யோசித்துவிட்டு, குளத்துச் சரிவை வெட்டுவதே இல்லை என்று முடிவு செய்தோம். இந்த மண்ணுக்கே உரிய உயரமான புல் வகைகளை அங்கே விதைத்து அப்படியே விட்டுவிடப் போகிறோம். வேர் ஆழமாகப் போகும், கரையும் கரையாது. சரிவுக்கு மேல் இரண்டு வண்டி அகலத்துக்கு எல்லை கட்டிக் கம்பு நட்டிருக்கிறேன். வண்டி அந்தக் கம்பைத் தாண்டக் கூடாது, யார் ஓட்டினாலும்.

பேட்டரி வண்டியும் பார்த்தோம். ஈகோ என்ற கம்பெனியினுடையது சத்தமே இல்லாமல் ஓடுகிறது, புகை இல்லை. ஒரு சார்ஜில் இரண்டு ஏக்கர் வரை வெட்டலாம் என்கிறார்கள். அரை ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். எங்களுக்கு மே மாதத்துக் கனத்த புல்லில் பாதியில் நின்றுவிடுமோ என்று இருக்கிறது, பேட்டரி தேய்ந்தால் மாற்றும் விலையும் கூடுதல். இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியில் மனதில் நிற்பது ஹெஸ்டனில் செய்த அந்த ஹஸ்ட்லர்தான். 48 அங்குலம், வெல்டிங் வைத்த டெக், கவாசாகி எஞ்சின், 2800 பம்ப். ஐயாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கூட வரும். நாலு லட்சம் என்று உங்களிடம் சொன்னேன், இது நாலரையைத் தொடும். வேறு வண்டி என்றால் ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்திருக்கலாம். ஆனால் இதை விற்கிற டீலர் பட்டறையும் வைத்திருக்கிறார், இங்கிருந்து காரில் இருபது நிமிஷம். பட்டறைக்குப் பின்னால் இருந்த திடலில் என்னையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பிடியை விரல் அகலம் தள்ளினாலே வண்டி கிளம்புகிறது, முதலில் தள்ளாடியது, கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. ஒற்றைச் சக்கரத்தை அசையாமல் நிறுத்தித் திருப்பினால் அந்த இடத்துப் புல் வட்டமாகப் பெயர்ந்து வந்துவிடும், இரண்டு சக்கரத்தையும் கொஞ்சம் உருட்டிக்கொண்டே திருப்பு என்று கூடவே நடந்து சொல்லிக் கொடுத்தார். மே மாதத்தில் பழுதானால் யார் கையில் கொடுப்போம் என்பது எனக்குப் பெரிய விஷயம். சனிக்கிழமை போய் எடுக்கிறோம்.

பெட்ரோல் மணிக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைய குடிக்கும். இங்கே பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது, குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். நவம்பரில் அதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று அப்பா, இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னை டிராக்டர் மட்கார்டில் உட்கார வைத்துக்கொண்டு வயலுக்குப் போவீர்கள், எனக்கு அது இன்றைக்கும் இனிக்கிறது. ஆனால் பேரனை இந்த வண்டியில் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவன் கேட்பான், கெஞ்சுவான், ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான். கத்தி நுனி நிமிஷத்துக்கு 19,000 அடி வரை போகும் வேகத்தில் சுற்றுகிறது. பதினாறு வயதுக்குக் கீழே யாரும் ஓட்டக் கூடாது, வண்டியில் இன்னொருவர் ஏறவே கூடாது என்று இந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. வண்டி ஓடும் நேரம் பிள்ளைகள் வீட்டுக்குள், கதவு சாத்தியிருக்கும். இந்த வீட்டில் இதுதான் சட்டம், தாத்தாவுக்கும் சேர்த்து.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டீர்கள், சம்பா நடவு என்று இந்த வருஷம் சாக்குச் சொல்ல வழியில்லை. இங்கே ஃபெஸ்க்யூ விதை தூவுவதும் செப்டம்பரில்தான், நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம். விசா நேர்காணலுக்குப் போகும்போது கையில் இருக்கட்டும் என்று ஓர் அழைப்புக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், தம்பியிடம் கொடுத்து நகல் எடுத்து வையுங்கள். மன்னார்குடியிலேயே ஒரு ஜோடி மூடிய ஷூ வாங்கிக்கொள்ளுங்கள், அடியில் பிடிமானம் உள்ளதாகப் பார்த்து. செருப்புக் காலோடு வண்டியில் ஏற விடமாட்டேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் மகள்
செல்வி