சட்டத்தரணி ஏமாற்றினால் எங்கே போவது? மட்டக்களப்பு, அம்பாறைச் சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டத்தரணிகளே,

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் நெடுங்காலம் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் இன்னும் என்னை விதானையார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீதிமன்றத்திலிருந்து ஒரு கடதாசி வந்தால் முதலில் என் வீட்டு முற்றத்துக்குத்தான் அது வரும். அந்த முற்றத்தில் கேட்டவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: உங்களில் ஒருவர் தன் கட்சிக்காரரை ஏமாற்றிவிட்டால், அந்தக் கட்சிக்காரருக்காக எழுந்து பேச உங்களில் இன்னொருவர் வரவேண்டும்.

வெல்லாவெளிப் பக்கத்துப் பெண் ஒருவர். வயலுக்குப் போய்ச் சைக்கிளில் திரும்பிய கணவனை டிப்பர் அடித்துவிட்டது. நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடவேண்டும் என்று யாரோ சொல்ல, காப்பை அடகு வைத்து ஒரு சட்டத்தரணியிடம் காசு கொடுத்திருக்கிறார். பற்றுச்சீட்டு இல்லை. சட்டத்தரணி கொடுத்தது தன் விசிட்டிங் கார்ட் ஒன்றைத்தான். அதன் பின்பக்கத்தில் தவணைத் திகதிகள் பேனையால் எழுதி, வெட்டி, மறுபடி எழுதப்பட்டிருந்தன. வழக்கிலக்கம் என்று ஒன்று எங்கேயும் இல்லை. "ஒவ்வொரு தவணையும் அடுத்த மாசம் வா புள்ள எண்டுதான் சொல்றார், விதானையார். இந்த வழக்கு நடக்குதா இல்லையா?" என்று கேட்டார்.

அவரையும் கூட்டிக்கொண்டு நீதிமன்றப் பதிவறைக்குப் போனேன். எழுதுவினைஞர் நல்ல மனிதர். பதிவேட்டை எடுத்துக் கணவனின் பெயர், மனைவியின் பெயர், எதிராளியின் பெயர் எல்லாவற்றையும் வைத்துத் தேடினார். அப்படியொரு வழக்கே தாக்கல் செய்யப்பட்டிருக்கவில்லை. தவணை என்று சொல்லி அவர் வந்த நாள்களில் எல்லாம், யாரும் கூப்பிடாத ஒரு பெயருக்காக அந்த விறாந்தையில் பசியோடு நின்றிருக்கிறார்.

வழக்குப் போடும் கால எல்லையைச் சொல்லும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படியான நட்டஈட்டு வழக்குக்கு 2 வருடம். பதிவேட்டைப் பார்த்த அன்றைக்கு அந்த 2 வருடமும் கடந்துபோயிருந்தது. டிப்பர் கணவனைப் பறித்தது. மிச்சமிருந்த உரிமையைப் பறித்தவர் கறுப்புக் கோட்டுப் போட்டவர்.

இதைவிட என்னைச் சுட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். வேறு சட்டத்தரணிகளிடம் போனோம். ஒருவர் முழுக் கதையையும் கேட்டார். பெயரைச் சொன்னதும் பேனையை மூடி வைத்தார். "அவர் எங்களுக்கு சீனியர் ஐயா, நாளைக்கும் ஒரே மேசையில இருக்கிற ஆக்கள்" என்றார். இன்னொருவர், "பேசித் தீர்த்துக்கொள்ளுங்களேன்" என்றார். பொலிசுக்குப் போனால், "இது சிவில் விசயம், லோயரைப் பாருங்கோ" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒப்படைத்த காசைக் கையாடுவது தண்டனைச் சட்டக்கோவையில் நம்பிக்கை மோசடி. அதைப் பொலிசுக்கு எடுத்துச் சொல்லவும் ஒரு சட்டத்தரணி வேண்டியிருக்கிறது!

உயர் நீதிமன்றம் 1988இல் உங்களுக்கென்று நடத்தை விதிகளை வெளியிட்டது. தகுந்த காரணம் இல்லாமல் ஒருவருக்காகத் தோன்ற மறுக்கக் கூடாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. எதிராளி ஒரு சட்டத்தரணி என்பது தகுந்த காரணமா? கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்காகவும் தோன்றுகிறீர்கள், அது சரி, அப்படித்தான் இருக்கவேண்டும். காப்பை அடகு வைத்து ஏமாந்தவளுக்காக மட்டும் ஏன் யாருமே இல்லை?

நாட்டின் சட்டத்தில் குறை என்று சொல்லமாட்டேன். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் இவற்றில் ஒன்றைச் செய்த சட்டத்தரணியை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் சேர்ந்திருந்து தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். அதற்குமுன் குற்றச்சாட்டின் பிரதியை அவர் கையில் கொடுத்து, விளக்கம் சொல்ல அவகாசமும் கொடுக்கவேண்டும். நியாயமான ஏற்பாடுதான். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் முறைப்பாட்டை விசாரிக்கலாம், ஆனால் பெயரை நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். ஊரில் பலருக்கு இது தெரியாது. மாவட்ட நீதிபதிக்குக் கடிதம் எழுதுவார்கள், பிரதேச செயலாளருக்கு எழுதுவார்கள், மனித உரிமை ஆணைக்குழுவுக்கும் எழுதுவார்கள். பதில் வராது, அல்லது "எமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்று வரும்.

சரி, தெரிந்தாலும் என்ன செய்வது? முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியோடு, உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடைக்கு அனுப்பவேண்டும். என்ன திகதியில் என்ன நடந்தது, கையில் என்ன ஆதாரம் என்று ஒழுங்காக எழுதவேண்டும். அங்கே வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில். விசாரணைக்குக் கூப்பிட்டால் இரவு ரயிலேறவேண்டும், அன்றைய கூலியும் போகும். படுவான்கரையில் களை பிடுங்கிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒருத்தி இதைத் தனியே செய்வாளா? செய்யமாட்டாள் என்பது ஏமாற்றுகிறவருக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தெம்பில்தான் அவர் அடுத்த கார்டின் பின்பக்கத்தில் திகதி எழுதுகிறார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வழக்குத் தோற்றால் சட்டத்தரணி கள்ளன் என்று பேசும் பழக்கம் எங்கள் சனத்திடம் உண்டு. அது பிழை. நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்து கிடப்பதும் உங்கள் குற்றமில்லை. போர்க்காலத்தில், காணாமல் போன பிள்ளைக்காக ஆட்கொணர்வு மனு எழுதவே பலர் பயந்த நாள்களில், எழுதிக் கொடுத்தவர்கள் உங்கள் தொழிலில் இருந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்காகக் காசு வாங்காமல் தோன்றியவர்கள் இருந்தார்கள். அவர்களை இந்த மண் மறக்காது. அவர்கள் போட்ட அதே கோட்டை இன்றைக்கு யார் யாரெல்லாம் போட்டுக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

காணி விசயம் தனிக் கதை. உங்களில் பலர் காணி உறுதி எழுதும் நொத்தாரிசுகளும்தான். இங்கே உறுதி எரிந்தவர்கள், சுனாமியில் பறிகொடுத்தவர்கள், காணியை விட்டு வெளிநாடு போனவர்கள் ஏராளம். தனக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் ஒன்றைக் காட்டி, காணிக்காரர் சுவிஸில் இருக்கும்போதே இங்கே காணி கைமாறிவிட்டது என்ற கதையை நான் கடமையில் இருந்த காலத்திலேயே கேட்டிருக்கிறேன். உறுதி எழுதிய நொத்தாரிசு, கையெழுத்து வைக்கிறவரைத் தனக்குத் தெரியாவிட்டால் அவரை நன்கு அறிந்த சாட்சிகளையாவது வைக்கவேண்டும். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இணைப்பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். இவையெல்லாம் 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தில் இருப்பவை. பதியாமல் கிடக்கும் உறுதியைவிடப் பின்னால் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்த உறுதி நின்றுவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பதிந்து தருகிறேன் என்று காசை வாங்கிவிட்டு உறுதியை மேசை லாச்சியில் போட்டு வைத்தால், ஒரு குடும்பத்தின் காலடி நிலமே போய்விடும். மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு இருக்கும் 14 நாள்களைத் தவறவிட்டாலும் கதை இதேதான். தீர்ப்பு பிழை என்று காட்டும் வாய்ப்புக்கூட இல்லாமல் போகும்.

பிழை விட்ட எல்லோரின் பெயரையும் நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எது கவனக்குறைவு, எது வஞ்சகம் என்று நீதியரசர்கள் தீர்மானிக்கட்டும். அந்த வாசல்வரை எங்கள் ஆட்கள் போய்ச் சேர வழி விடுங்கள். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீதிமன்றம் உள்ள இடங்களில் எல்லாம் நீங்கள் சங்கமாகக் கூடுகிறீர்கள். உங்களில் ஒருவருக்குப் பொலிஸ் நிலையத்தில் மரியாதைக் குறைவு நடந்தால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வர உங்களால் முடிகிறது. அதே ஒற்றுமையில் கொஞ்சத்தைக் கட்சிக்காரருக்கும் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். சட்டத்தரணிக்கு எதிராக முறைப்பாடு சொல்ல வருகிறவரின் சத்தியக்கடதாசியைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்து, புதுக்கடைக்கு அனுப்பிக் கொடுக்க உங்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு பேராவது பொறுப்பெடுக்க வேண்டும். உள்ளூரில் முகம் முறிக்கத் தயக்கம் என்றால், கல்முனைக்காரருடைய விசயத்தை மட்டக்களப்பில் இருப்பவர் பார்க்கலாம், மட்டக்களப்பு விசயத்தைக் கல்முனையில் இருப்பவர் பார்க்கலாம். பழைய சட்டத்தரணிக்கு வழக்கை நடத்தக் கொடுத்த அதிகாரப் பத்திரமான பிரொக்சியை நீக்கிக் கோப்பை வாங்கிக் கொடுப்பதையும் அவர்களே செய்யட்டும். கோப்பு கையில் வராமல் கட்சிக்காரர் இன்னொருவரிடம் போவதில் பயனில்லை. வாங்கும் காசுக்குப் பற்றுச்சீட்டும், தாக்கல் செய்த வழக்கின் இலக்கமும் எழுத்தில் கொடுப்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், உங்கள் தீர்மானம் ஒன்றே போதும்.

பொறுப்பெடுக்கும் அந்த இருவரின் பெயரை நீதிமன்ற விறாந்தையில், தவணைக்கு வருகிற சனத்தின் கண்ணில் படும்படி, தமிழில் ஒட்டிவிடுங்கள். முதல் முறைப்பாட்டை நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு