சைனா செட் பிறந்த ஊரிலிருந்து

ஷென்சென், சீனா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல். இந்த ஊரில் செய்யும் செல்போன்களெல்லாம் ஈயடிச்சான் காப்பிதானா என்று கேட்டிருந்தீர்கள். எத்தனையோ சைனா செட்டுகளைப் பிரித்துப் பழுது பார்த்தவர் நீங்கள் என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

இவர்களே அதற்குப் பேச்சுவழக்கில் 'ஷான்சாய்' என்கிறார்கள். அரசுக்கு அடங்காத கொள்ளையர் மலையில் அமைத்த கோட்டைக்கு உரிய அந்தப் பெயர், பெரிய நிறுவனத்தின் பொருளைப் பார்த்து அனுமதியின்றிச் செய்யும் எதற்கும் இப்போது வழங்குகிறது.

ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மாடிக்கு மாடி கடைகள். பல கடைகள் ஒரு மேசை அகலம்தான். நான் கேட்ட ஐசியை ஒரு பெண், சாப்பாட்டுக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, ட்வீசரால் எடுத்து லென்சுக்கு அடியில் வைத்துக் காட்டினார். அதற்குரிய போர்டு பக்கத்துக் கடையிலும், மேல்மூடி எதிர்க்கடையிலும் கிடைத்தன.

தைவானின் மீடியாடெக் நிறுவனம் சிப்பையும் மென்பொருளையும் சேர்த்தே விற்றதாலும், ஒரே போர்டு வடிவமைப்பைப் பலர் பயன்படுத்திக்கொண்டதாலும், செல்போன் தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும் என்ற விதியைச் சீன அரசு 2007இல் நீக்கியதாலும், சிறு பட்டறைக்காரர்கள்கூடச் சில மாதங்களில் புதிய செட்டைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது. நோக்கியாவை 'நோக்லா' என்று எழுதி விற்றது ஏமாற்றுதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒவ்வொரு செட்டுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ இல்லாத செட்டுகளின் இணைப்பை 2009 நவம்பர் இறுதியில் நம் நாட்டில் துண்டித்தபோது, காசைப் பறிகொடுத்தவர்கள் ஏழை வாடிக்கையாளர்கள்தாமே?

ஆனாலும் வெறும் காப்பி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய நிறுவனங்கள் பல தயங்கி நின்ற காலத்திலேயே இரண்டு சிம், தெருவுக்கே கேட்கும் ஸ்பீக்கர், நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி என்று நம்மைப் போன்றவர்களின் தேவையை அறிந்து சேர்த்தவர்கள் இவர்கள். பார்த்துச் செய்யத் தொடங்கிய கைகள், செய்யச் செய்யத் தொழிலைக் கற்றுக்கொண்டன என்றே நான் நினைக்கிறேன்.

பரணில் கிடக்கும் பழைய செட்டுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 'எம்டி 6225' என்று அச்சிட்ட மீடியாடெக் சிப் உள்ள போர்டு ஏதேனும் இருந்தால், இருபக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பெண்ணிடம் காட்டி, அது எந்தப் பட்டறையில் உருவானது என்று விசாரிக்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்