கறுப்பு விரிப்பைக் கண்டு பின்வாங்கும் ரோபோ

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வீடுகளிலும் ரோபோ வெக்கூம், அதாவது தானாக ஓடித் தரைத் தூசியை உறிஞ்சும் கருவி, ஓடத் தொடங்கிவிட்டது. கறுப்பு விரிப்பின் ஓரத்தில் அது பின்வாங்கினால் உடனே பழுது என்று கடைக்குத் தூக்க வேண்டாம். அடியில் உள்ள உணரிகள் அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், அங்கே கீழிறங்கும் படிக்கட்டு இருப்பதாக ரோபோ கணக்குப் போடுகிறது. உணரிகளில் செம்மண் தூசி படிந்தாலும் தடுமாறும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

பல மாடல்களில் வீட்டின் வரைபடம் போடுவது மேலே சுழலும் லேசர். ஆளுயரக் கண்ணாடி அதை ஏமாற்றும், இல்லாத அறை ஒன்று வரைபடத்தில் முளைக்கும். கைப்பேசிச் செயலியில் அங்கே ரோபோ தாண்டாத தடைக்கோடு போடுங்கள். முதல் ஓட்டத்தில் அறைக் கதவுகள் திறந்திருக்கட்டும். நடுவில் தூக்கி இடம் மாற்றாதீர்கள். வாங்குமுன் நிலைப்படியை அளந்துகொள்ளுங்கள்: 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் பல மாடல்கள் ஏறமாட்டா. விற்பவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்